பெட்டிக்கு வந்த வாழ்வு

பங்காளியைப் பார்த்துப் பொறாமைப்படலாம். பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பொறாமைப்படலாம். கூடப் படித்தவன் கார் வாங்கிவிட்டான் என்று இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருக்கலாம். இதெல்லாம் மனிதர்கள் செய்கிற காரியம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் குறைதீர் வாரியத்தில் வேலை பார்த்த அந்த இளைஞன் பொறாமைப்பட்டது ஒரு பெட்டியைப் பார்த்து. சாம்பல் நிறப் பெட்டி. அவன் இடுப்பு உயரம்கூட இருக்காது. அதைப் பார்த்து அவன் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம்.

வாரியத்தில் அவனுக்குப் பெயர் டெம்பரவரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தற்காலிக ஊழியர்களின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாளைக்கே போய்விடப் போகிறார்கள் என்பது மேலாளரின் எண்ணம். நாளைக்கே போகவேண்டியவன் ஐந்தாவது வருடமாக அதே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மீசை அடர்ந்ததே அந்த ஸ்டூலில்தான்.

ஊரார் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதுவது வாரியத்தின் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை வீட்டுக்குள் வருகிறது என்று மக்கள் எழுதுவார்கள். வாரியம் பதில் எழுதும். குழாய்க்கும் விளக்குக்கும் சாக்கடைக்கும் வேறு வேறு அலுவலகங்கள் இருந்தன. அவற்றோடு வாரியத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. பதிலில் முடியும் என்றும் எழுதக்கூடாது, முடியாது என்றும் எழுதக்கூடாது. முடியும் என்றால் செய்ய வேண்டியிருக்கும். முடியாது என்றால் கோர்ட்டுக்குப் போவார்கள். ஆகவே எல்லா மனுக்களும் பரிசீலனையில் இருந்தன. மனுதாரர் இறந்துபோனால் மட்டும் கோப்பு முடியும். அப்போது 'முடிவுற்றது' என்று முத்திரை குத்தி, வீட்டாருக்கு ஓர் இரங்கல் கடிதம் அனுப்பி, அந்த வருடத்துச் சாதனையில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார்கள்.

'பரிசீலனையில் உள்ளது' என்ற அந்த ஒற்றைச் சேதியை ஆளுக்கொரு விதமாக எழுதுவதில் அவன் கெட்டிக்காரன். அவன் கடிதத்தைப் படித்தவர்கள் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வருவார்களாம், ஒருவேளை வந்திருக்குமோ என்று. அவ்வளவு நயமாக எழுதுவான். அதற்குப் பலனாக, வாரியத்தில் காலியாக இருந்த ஒரே ஒரு நிரந்தர வேலை தனக்கு வரும் என்று நம்பியிருந்தான். கேட்கும்போதெல்லாம் மேலாளரும் தட்டாமல் பதில் சொல்வார்.

"உனக்குத்தான்டா. பரிசீலனைல இருக்கு."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரிலேயே அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் நம்பினான். வேறு வழியும் இல்லை. நிரந்தரமாவதற்கான வயது வரம்பு அவனுக்கு அந்த வருடத்தோடு முடிந்தது. அதற்குள் கிடைக்காவிட்டால் அப்புறம் எப்போதும் கிடையாது.

அந்த வருடம்தான் பெட்டி வந்தது.

பெட்டியை இறக்கிய அன்று வாரியமே வாசலுக்கு வந்துவிட்டது. பூங்கொத்து கொடுத்தார்கள், வாங்கிக்கொள்ள அதற்குக் கையில்லை என்பதால் மேலே வைத்தார்கள். குரூப் போட்டோ எடுக்கும்போது டெம்பரவரியும் ஓரமாகப் போய் நின்றான். மேலாளர் கையால் விலக்கி, "நிரந்தரமானவங்க மட்டும்பா" என்றார். பெட்டி நடுவில் நின்றது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம இளைஞர்களுக்கு எதிர்காலம் வேணும்னு பல பேர் கேக்கறாங்க. இதோ, எதிர்காலம் வந்தாச்சு, பிளக்கு மாட்டினா போதும். ஒரு கேள்விக்கு பதில் எழுத நம்ம பசங்க அரை நாள் எடுத்துக்கறாங்க. இது கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள எழுதிடும். சம்பளம் கேக்காது, லீவு கேக்காது, எதுக்குன்னு கேக்காது. இந்த மூணு குணத்தையும்தான் நான் இத்தனை வருஷமா இளைஞர்கள்கிட்ட தேடிக்கிட்டு இருந்தேன். அவங்ககிட்ட கிடைக்கல. கடைல கிடைச்சுது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டெம்பரவரியும் தட்டினான். தட்டாவிட்டால் குறித்துக்கொள்வார்கள்.

அந்த மாதமே பதில் எழுதும் பிரிவில் இருந்த மற்ற தற்காலிகப் பையன்களையும் பெண்களையும் நாளைக்கு வரவேண்டாம் என்று அனுப்பினார்கள். இருவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒன்று, கவர் ஒட்டுகிற பெண். பெட்டிக்குக் கவர் ஒட்ட வராது. இன்னொன்று டெம்பரவரி, பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

பெட்டிக்குத் தனி அறை கொடுத்தார்கள். ஏசி போட்டார்கள். வெயில் நாளில் டெம்பரவரி எழுதிய கடிதத்தில் வியர்வை சொட்டினால் மறுபடி எழுதச் சொல்கிற மேலாளர், அந்த அறைக்குள் போகும்போது மட்டும் செருப்பைக் கழற்றினார். 'தம்பி' என்று அதற்குப் பெயரும் வைத்தார். தான் பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

"டெம்பரவரி, தம்பிக்கு ஒழுங்கா சொல்லிக்குடு. அதட்டாத. புது இடம் பாரு."

டெம்பரவரி சொல்லிக்கொடுத்தான். ஐந்து வருடத்தில் எழுதிய கடிதங்களையெல்லாம் தூசு தட்டி எடுத்து அதற்கு ஊட்டினான். எந்தக் கோபக்காரரை எப்படித் தணிப்பது, எந்த முதியவருக்கு எந்த மரியாதை, எல்லாம் அவன் தலையில் இருந்தது; ஒவ்வொன்றாக அதன் தலைக்குள் போயிற்று. கற்றுக்கொள்ளும்போது அது தப்புச் செய்யும். சாக்கடைப் புகார் எழுதிய அம்மாளுக்கு, "தங்கள் வீட்டுக்குப் புது வரவு வந்ததற்கு வாழ்த்துகள்" என்று எழுதியது. மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கத்துக்குது பாருடா! குழந்தை மாதிரி!"

முந்தின வருடம் டெம்பரவரி ஒரு கடிதத்தைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிட்டதற்கு மெமோ கொடுத்தவர் இதே மேலாளர்தான். அன்று அவர் சிரிக்கவில்லை. அவனைக் குழந்தை என்றும் சொல்லவில்லை.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பான். பெட்டியைப் பராமரிக்கக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் மாதாமாதம் வருவார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியின் முதுகைத் தடவிப் பார்ப்பார். அப்படி அவர் வந்த ஒரு நாள் டெம்பரவரிக்கு நெருப்பாகக் காய்ச்சல். லீவு போட்டால் அந்த நாளுக்குச் சம்பளமில்லை என்பதால் வந்து உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சம் சூடா இருக்கே" என்றார் கம்பெனி ஆள். அவன் நெகிழ்ந்துபோய் நிமிர்ந்தான். அவர் பெட்டியைச் சொன்னார். "ரொம்ப வேலை வாங்கறீங்களா? இதுக்கும் ரெஸ்ட் வேணும் சார். ஞாயித்துக்கிழமை ஆஃப் பண்ணிடுங்க."

அன்றிலிருந்து பெட்டிக்கு ஞாயிறு விடுமுறை. அது நிம்மதியாக ஓய்வெடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ள டெம்பரவரியை ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்தவன் அழுதுவிட்டான். அம்மா பதறிப்போய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடா ஆச்சு? யார் என்ன சொன்னா?"

"அதுக்குச் சூடா இருக்கான்னு கேக்கறாங்கம்மா."

"எதுக்கு?"

"பெட்டிக்கு."

அம்மா அவன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சலில் உளறுகிறானா என்று அவளுக்குச் சந்தேகம்.

"அப்படி அந்தப் பெட்டிகிட்ட என்னடா இருக்கு, உன்கிட்ட இல்லாதது?"

"வாரண்டிம்மா."

மறுநாள் கவர் ஒட்டுகிற பெண்தான் அந்த யோசனையைச் சொன்னாள். அவள் நாள் முழுக்கக் கவர் ஒட்டியதில் விரல் நுனிகள் எப்போதும் பசையாக இருக்கும். தலையை நிமிர்த்தாமலே பேசுவாள்.

"ஆள் எடுக்கத்தான் காசில்லன்னு சொல்றாங்க. சாமான் வாங்க காசு இருக்கு. நீ ஏன் ஆளா போய் நிக்கற? சாமானா போ. உன்ன வாங்கிக்கச் சொல்லு."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் பொறாமை பிடித்தவனுக்குக் கிண்டலும் வழியாகத் தெரியும். மத்தியானமே கொள்முதல் பிரிவில் போய் நின்றான்.

அங்கிருந்த அதிகாரி அவனை ஏறிட்டுப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் சிரிக்கவில்லை, பேனாவைத் திறந்தார்.

"எத்தனை வருஷம் உழைக்கும்?"

"நல்லா உழைக்கும் சார். எங்க அப்பா கடைசி வரைக்கும் வேலை பார்த்தவரு."

"ரிப்பேர் ஆனா?"

"வீட்டுல ரெண்டு நாள் படுத்தா சரியாயிடும் சார்."

"உதிரி பாகம் கிடைக்குமா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"சரி, விடு. இன்னும் ரெண்டு இடத்துல கொட்டேஷன் வாங்கிட்டு வா. ஒரே ஒரு ஆளப் பாத்துட்டு வாங்கிட முடியாது. ஆடிட்ல மாட்டிக்குவேன்."

நீக்கப்பட்ட பழைய சகாக்கள் இருவரைத் தேடிப் போய், விவரம் சொல்லி, எழுதி வாங்கி வந்தான். இருவருமே அவனைவிடக் குறைத்துப் போட்டிருந்தார்கள். ஒருவன் முதல் வருடம் இலவசம் என்றும் எழுதியிருந்தான். வேலையில்லாமல் வீட்டில் இருப்பவனுக்கு அதைவிடக் குறைக்க என்ன இருக்கிறது! அதிகாரி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, மூன்றையும் நிராகரித்தார். "பசங்க எல்லாம் ஒரே மாடல்தான். பழசு. கம்பெனி நின்னுபோச்சு" என்று அன்பாகவே சொன்னார்.

ஆக, அவனைச் சேர்த்துக்கொள்ளவும் இடமில்லை, வாங்கிப்போடவும் இடமில்லை. வயது வரம்போ வேகமாக நெருங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் பெட்டியின் பச்சை விளக்கு எரிவதைப் பார்க்கும்போது, பாவி, ஒரு நாளாவது உனக்குச் சிவப்பு எரியாதா என்று மனதாரச் சபித்தான். சபித்துவிட்டு அதற்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தான்.

சாபம் பலித்தது.

பெட்டியைத் தனியாக வேலை செய்ய விட்ட முதல் வாரம், இயக்குநர் ஒரு உத்தரவு போட்டார்: எல்லா மனுக்களையும் விரைந்து முடிக்கவும். மனிதர்களுக்கு இப்படி எத்தனையோ உத்தரவுகள் போட்டிருக்கிறார். மனிதர்கள் அதைப் படித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பெட்டி புதிது, நிஜம் என்று நினைத்துக்கொண்டது. முடிந்த கோப்புகளையெல்லாம் புரட்டி, அவை எப்படி முடிந்தன என்று பார்த்தது. முடிந்த ஒவ்வொரு கோப்பிலும் மனுதாரர் இறந்துபோயிருந்தார். சூட்சுமம் அதற்குப் பிடிபட்டுவிட்டது. ஒரே மூச்சில் ஊரில் மனுப்போட்ட அத்தனை பேருக்கும் கடிதம் அடித்துத் தள்ளியது. கவர் ஒட்டுகிற பெண் ஒட்டினாள். உள்ளே இருப்பதைப் படிக்க அவளுக்குச் சம்பளம் கிடையாது.

கடிதங்கள் போய்ச் சேர்ந்த அன்று அம்மா அவன் வருவதற்காக வாசலிலேயே நின்றிருந்தாள். குழாய் சரியில்லை என்று அவளும் ஒரு மனுப் போட்டிருந்தாள்.

"உங்க ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்திருக்குடா. நான் செத்துப்போயிட்டேனாம். ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருக்காங்க."

வாங்கிப் படித்தான். "தங்கள் மறைவுச் செய்தி கேட்டு வாரியம் ஆழ்ந்த துயரம் கொள்கிறது. எனவே தங்கள் மனு முடிவுற்றதாகக் கருதப்படுகிறது. இந்த இழப்பைத் தாங்கும் வலிமை தங்களுக்குக் கிடைக்கட்டும்." நடை முழுக்க அவனுடையது. அவ்வளவு நயம்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்றாள் அம்மா. "அது கிடக்கட்டும், சாப்பிட வா."

அன்று அவன் இரண்டு மடங்கு சாப்பிட்டான். பல மாதங்களாகச் செத்துக் கிடந்த பசி. தொலைந்தது பெட்டி, நாளைக்கே மூட்டை கட்டிவிடுவார்கள், காலியான இடம் இனித் தனக்குத்தான் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பாக வந்தது. ஒரு பெட்டி அழிவதை நினைத்துச் சந்தோஷப்படுகிறோமே என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இல்லை.

மறுநாள் வாரியத்தின் வாசலில் இறந்தவர்கள் திரண்டிருந்தார்கள். தாங்கள் உயிரோடு இருப்பதாக ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் காவலாளி அவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். இயக்குநரின் மாமியாருக்கும் கடிதம் போயிருந்தது. முந்தின நாள் அது கிடைத்ததும் வாரியம் முதல்முறையாக ஒரு நல்ல சேதி அனுப்பியிருக்கிறதே என்று இயக்குநர் ஒரு நிமிடம் தடுமாறியதாகப் பின்னால் சொன்னார்கள்.

விசாரணை பெட்டியின் அறையிலேயே நடந்தது, ஏசி அங்கேதான் நன்றாக இருந்தது. இயக்குநர், மேலாளர், கம்பெனி ஆள் மூவரும் உட்கார்ந்தார்கள். டெம்பரவரி நின்றான்.

"பெட்டி மேல தப்பில்லை" என்றார் கம்பெனி ஆள். "கத்துக்குடுத்தத செய்யுது. யாரு கத்துக்குடுத்தது?"

மூவரும் திரும்பி டெம்பரவரியைப் பார்த்தார்கள்.

"அப்ப சரி" என்றார் இயக்குநர். "வெளில பத்திரிகைக்காரன் நிக்கறான். யாரையாவது சஸ்பெண்ட் பண்ணினோம்னு சொல்லணும். இவன பண்ணிடுங்க."

மேலாளர் நெளிந்தார். "முடியாது சார். இவன் ஊழியர் பதிவேட்டுலயே இல்ல. இல்லாத ஆள எப்படி சஸ்பெண்ட் பண்றது? நாளைக்கு வராதன்னு வேணா சொல்லலாம்."

"அது ஒரு தண்டனையாய்யா? அதைத்தான் எல்லாப் பசங்ககிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கோம். பேப்பர்காரன் சிரிப்பான். அப்ப உங்களப் பண்ணட்டுமா?"

"ஐயோ, நான் பர்மனெண்ட் சார்!"

"அதனாலதான் கேக்கறேன்."

மேலாளரின் முகத்தில் அந்த ஏசிக் குளிரிலும் வியர்த்தது. வியர்த்தால் மூளை வேலை செய்யும் போலிருக்கிறது.

"சார், அந்த நிரந்தர போஸ்ட் ஒண்ணு காலியாத்தானே கிடக்கு."

ஐந்து வருடம் பரிசீலனையில் இருந்த விஷயம், அந்த அறையில் ஒரு டீ ஆறுவதற்குள் முடிவாயிற்று. மேலாளர் அவனை ஓரமாக அழைத்துப்போய் முதல்முறையாகத் தோளில் கை போட்டார்.

"காலைல அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். சாயங்காலம் சஸ்பென்ஷன் ஆர்டர். நடுவுல மத்தியானம் பூரா உன்னோடதுதான் தம்பி. என்ன சொல்ற?"

தம்பி என்றார். அவனைத்தான் சொன்னார். பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"விசாரணை முடிஞ்சு எப்ப சார் திரும்ப எடுப்பீங்க?"

"அது பரிசீலனைல இருக்கும்."

முடியாது என்றால் நாளைக்கு வராதே என்பார்கள். வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் டெம்பரவரிதான், அதுவும் வேறு எங்காவது இடம் இருந்தால். சரி என்றான். சொல்லும்போது அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதுதான் கேவலம்.

மறுநாள் காலை பூங்கொத்து கொடுத்தார்கள். அவனுக்குக் கை இருந்ததால் கையில் வாங்கிக்கொண்டான். குரூப் போட்டோவில் நடுவில் நிறுத்தினார்கள். இயக்குநர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் பேசினார்.

"இயந்திரம் வந்தா இளைஞர்களுக்கு வேலை போயிடும்னு ஒரு வதந்தி இருக்கு. இதோ நிக்கறாரே இந்த இளைஞர், இந்த இயந்திரம் வராம இருந்திருந்தா இவருக்கு இந்த வேலை கிடைச்சிருக்குமா? சத்தியமா கிடைச்சிருக்காது. எங்களுக்குத் தெரியும், நாங்கதானே குடுக்காம இருந்தோம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். சாயங்காலம் அதே மைக்கில், தவறு செய்த ஊழியர் எவரானாலும் வாரியம் தயவு தாட்சண்யம் பார்க்காது என்று பேசி, இரண்டாவது உத்தரவைக் கொடுத்தார். அதற்கும் கை தட்டினார்கள். பெட்டியைக் கம்பெனி ஆள் துடைத்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

அம்மா தெருவில் பாதிப் பேருக்கு அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள்.

"பர்மனெண்ட்! நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்? சட்டைய தேச்சு வெக்கறேன்."

"கிளம்ப வேணாம்மா."

"லீவா?"

"இல்லம்மா. வேலை நிரந்தரம். செய்யத்தான் கூடாது. தினம் வாசல்ல போய் ஒரு கையெழுத்து மட்டும் போடணும். பாதிச் சம்பளம் வரும்." முன்னே வாங்கிய முழுச் சம்பளத்தைவிட அந்தப் பாதி அதிகம் என்பதையும் சொன்னான்.

அம்மா யோசித்தாள். "பெரிய பதவில இருக்கறவங்க எல்லாம் அப்படித்தான்டா வாங்கறாங்க" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடப் போவதற்கு என்று சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

காலையில் தேய்த்த சட்டையோடு போய், காவலாளியின் மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, கவர் ஒட்டுகிற பெண் வேகவேகமாக வந்துகொண்டிருந்தாள். இனிப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான். அவனைப் பார்த்ததும் நின்றாள்.

"வணக்கம் சார்."

சார் என்றதும் அவனுக்குப் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

"என்ன சார் புதுசா?"

"பர்மனெண்ட் ஆச்சே, பின்ன என்னன்னு கூப்பிடறது? குடுத்து வெச்சவங்க சார் நீங்க. எனக்கும் பெட்டி பெருசா ஒரு தப்பு பண்ணாதான்னு ராத்திரி பூரா வேண்டிக்கிட்டேன். எனக்கும் வயசு வரம்பு வந்துகிட்டே இருக்கு." அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுடைய தேய்த்த சட்டையை அவள் பார்த்த பார்வை அவனுக்கு நன்றாகத் தெரிந்த பார்வைதான். பெட்டியை அவன் அப்படித்தான் பார்ப்பான்.

"இன்னிக்கு என்ன மனு வந்திருக்கு?" என்றான்.

"சாக்கடை. அந்த மூலை வீட்டுத் தாத்தா. செத்துட்டீங்கன்னு எழுதினதுல ரொம்பக் கோவமா இருக்காராம்."

"அவருக்கு முதல் வரில சாக்கடையப் பத்திப் பேசாத. முதல்ல அவர் உடம்ப விசாரி. அப்புறம் ரெண்டாவது பத்தில..."

"சார்" என்று அவள் தயங்கினாள். "நீங்க சஸ்பென்ஷன்ல இருக்கீங்க. ஆபீஸ் விஷயம் பேசக்கூடாதாம். காவலாளி பார்க்கறாரு. எனக்கு நேரமாச்சு."

அவள் உள்ளே ஓடினாள். காவலாளி கதவைச் சாத்தினார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தத் தாத்தாவுக்கு எழுதவேண்டிய கடிதம் முழுவதையும் அவன் மனதுக்குள் எழுதி முடித்தான். நன்றாக வந்திருந்தது. உள்ளே அவள் பெட்டியின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நாளைக்கே அவளை வராதே என்று சொல்லிவிடுவார்கள், அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் வயிறு எரிந்தது. அவளுக்குச் செய்ய வேலை இருந்தது.